தண்ணிப்பாம்புக்குப் போட்ட சூடு

பொன்னியைக் கடித்தது ஒரு தண்ணிப்பாம்பு. கடித்துவிட்டு அவளைவிட அதிகமாகப் பயந்து ஓடியது. ஆனால் அது தண்ணிப்பாம்பு என்று தெரிவதற்குள் அவள் கணுக்காலில் பழனி சூடு போட்டு முடித்துவிட்டார்.

பழனி அவள் கணவன் குருவுக்கு அண்ணன். ஓரிக்கையில் மனை வாங்கி விற்கிற தரகு வேலை, அதோடு கட்சியில் வட்டப் பொறுப்பு. கட்சி மாறும், சட்டைப் பாக்கெட்டில் தெரிகிற தலைவர் படம் மாறும், பொறுப்பு மட்டும் மாறாது. தெருவில் கல்யாணம், கருமாதி, குடிதண்ணீர்க் குழாய் உடைப்பு எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். நிற்பதோடு சரி. மண்ணைத் தோண்டுவதும் குழாயை மாற்றுவதும் வேறு யாராவது. ஆனால் போட்டோவில் மண்வெட்டி அவர் கையில் இருக்கும்.

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. அண்ணன் வீடு மாடி வைத்தது, தம்பி வீடு சிமெண்ட் ஷீட் போட்டது. வாக்கப்பட்டு வந்த முதல் வருஷத்திலேயே பொன்னி பழனியை எடை போட்டுவிட்டாள். இருந்தாலும் "வாங்க மாமா, உக்காருங்க மாமா" என்பதில் குறை வைத்ததில்லை. அவருக்கு அது போதும். அந்த வார்த்தைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பொன்னிக்கு காந்தி ரோட்டில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் வேலை. நாள் முழுக்க மெத்தை விரிப்பில் காலை மடக்கி உட்கார்ந்து சேலையை எடுத்து விரிக்க வேண்டும். "இது கோர்வைம்மா, உடம்பும் பார்டரும் தனித்தனியா போட்டுச் சேத்தது, தொட்டுப் பாருங்க" என்று சொல்லி, வாங்காமல் எழுந்து போகிறவர்களுக்கும் முகம் கோணாமல் அதை மறுபடி மடிக்க வேண்டும். வைகாசியில் கருட சேவைக்கு வெளியூர் ஜனம் வந்து குவிகிற சமயம் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படி ஒரு நாள் சாயங்காலம் வேலை விட்டு வந்து கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோதுதான், பழனி மாடி கட்டி மிச்சம் வைத்திருந்த ஹாலோபிளாக் கல் குவியலுக்குள்ளிருந்து அது வந்து கணுக்காலுக்குப் பக்கத்தில் கொத்தியது.

பொன்னி கத்தவில்லை. காலை அசைக்காமல் அங்கேயே உட்கார்ந்து, இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்தாள். அதற்குள் பழனி வந்துவிட்டார். கோயில் கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர் அவரோடு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் எழுந்து வந்தார்கள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பாம்பு கடிச்சிட்டுது மாமா. 108க்குப் போன் பண்றேன்."

"அவன் வர்றதுக்குள்ள விஷம் தலைக்கு ஏறிடும். போனைக் குடு இப்படி." வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "எங்க தாத்தா தாமல் ஏரிக்கரையில எத்தினி பேரைக் காப்பாத்தியிருக்காரு தெரியுமா? ஒடனே சுட்டுடணும்பா. விஷம் அங்கேயே வெந்துபோயிடும்."

அந்தத் தாத்தா வாழ்நாள் முழுக்க வெற்றிலை வியாபாரம் செய்தவர். பாம்பைக் கண்டால் வரப்பை விட்டே இறங்கிவிடுவார் என்று குரு எப்போதோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். பொன்னிக்கு அது அப்போது நினைவுக்கு வந்தது. சொல்ல நேரம் இல்லை.

பழனியின் மனைவி ரேணுகாம்பாள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கருக்கரிவாளை அதன் மேல் வைத்தாள். புருஷன் சொன்னால் எதற்கு என்று கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அரிவாள் சிவந்ததும் துணி சுற்றி எடுத்து வந்து கொடுத்தாள். "வேணாம் மாமா, ஆஸ்பத்திரிக்குப் போலாம், ஆட்டோ கூப்பிடுங்க" என்று பொன்னி திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தோளைப் பிடித்தார்கள், கமிட்டி ஆட்கள் காலைப் பிடித்தார்கள். நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று ரேணுகாம்பாள் அவள் வாயில் துண்டைத் திணித்தாள். பழனியின் அக்கா மகன் யுவன், அவர் எங்கே போனாலும் போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போகிறவன், முதலிலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தான், இப்போது சரியான கோணம் பார்த்து நின்றுகொண்டான்.

பழனி அரிவாளை வைத்து எடுத்தார். திருப்தியில்லை போல, திருப்பி மறுபக்கத்தையும் வைத்தார்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் யாரையும் கேட்காமல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கல் குவியலைக் கிளறிப் பாம்பை அடித்து ஒரு கேரி பையில் போட்டவரும் அவர்தான். ஆட்டோவில் முன்னால், டிரைவர் பக்கத்தில், பழனி ஏறிக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்தது சிம்ரன் என்கிற சின்ன வயசு டாக்டர். பொன்னியின் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, உறைகிறதா என்று பார்க்க அசையாமல் வைக்கச் சொன்னாள். கேரி பையைத் திறந்து பார்த்தாள். அந்த இடைவெளியில் பழனி விசாரணையை ஆரம்பித்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"ஓரிக்கைதாங்க. தாவீது பொண்ணு."

"ஓ, நம்ம காலனி தாவீது பொண்ணா?" என்றார் பழனி. அவர் குரல் ஒரு படி இறங்கி, சிரிப்பு ஒரு படி ஏறியது. பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "பெரிய டாக்டர் யாரும் இல்லியா?" என்று கேட்டார்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இது தண்ணிப்பாம்புங்க. பல்லு இருக்குது, விஷம் கெடையாது. ரத்தமும் நல்லா உறைஞ்சிருக்குது. இருந்தாலும் ஒரு நாள் வச்சிப் பாத்துட்டு அனுப்பறோம்." பொன்னியின் காலைத் தூக்கிப் பார்த்தாள். "காலை யாரு சுட்டது?"

"நான்தான்மா," என்றார் பழனி. "முதலுதவி."

"ரொம்ப ஆழமா சுட்டிருக்கீங்க. தோல் முழுசா வெந்துபோச்சு. பாம்பு கடிச்சதுக்கு இங்க வைத்தியமே தேவையில்ல. உங்க முதலுதவிக்குத்தான் வைத்தியம் பண்ணணும்."

இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்ல முடியாது. பழனி வெளியே போய், வராந்தாவில் காத்திருந்தவர்களிடம் சொன்னது பொன்னிக்குக் கேட்டது. "விஷம் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்கப்பா. எல்லாம் வெந்துபோச்சாம்."

மறுநாளே வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது. பொன்னியின் குரலை எடுத்துவிட்டு யுவன் அதில் ஒரு அதிரடி மியூசிக் சேர்த்திருந்தான். 'தம்பி மனைவியின் உயிரைக் காத்த தலைவர்' என்று கீழே ஓடியது. ஓரிக்கை பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. கோயில் கமிட்டி சால்வை போர்த்தியது. காலைப் பிடித்திருந்த அதே கைகள்தான் சால்வையும் போர்த்தின.

குரு செங்கல்பட்டுப் பக்கம் வேன் ஓட்டப் போயிருந்தவன், சேதி கேட்டு ஓடிவந்து கட்டில் பக்கத்தில் அழுதான். அழுது முடித்துவிட்டு, "அண்ணன் நல்லதுக்குத்தான் பண்ணாரு. ஒருவேளை நல்ல பாம்பா இருந்திருந்தா?" என்றான்.

"நல்ல பாம்பா இருந்திருந்தா செத்திருப்பேன். வெந்த காலோட."

"நீ வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல?"

பொன்னி அவனைப் பார்த்தாள். "சொன்னேன். யுவன்கிட்ட மியூசிக் போடாத வீடியோ இருக்கும். வாங்கிக் கேளு."

அவன் வாங்கவில்லை. வாங்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டால் அண்ணனிடம் ஏதாவது பேச வேண்டியிருக்கும். அண்ணனிடம் பேசுவதைவிட அவனுக்கு வேனை மலை ஏற்றுவது சுலபம்.

காயம் ஆறவில்லை. வெந்த தோல் கறுத்து, அடியில் சீழ் கோத்து நாற்றம் வந்தது. கடை முதலாளி வந்து பார்த்துவிட்டு, "நல்லா ஆறட்டும்மா, அப்பால வா" என்று மூக்கைத் துடைக்கிற சாக்கில் பொத்திக்கொண்டு போனார். கடைசியில் செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் அன்றைக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. பெரிய சர்ஜனோடு சிம்ரனும் துணிக்கு அந்தப் பக்கம் நின்றாள். பொன்னிக்குப் பேச்சுக் குரல் கேட்டது, கத்தரி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ ஒரு மிஷின் கீங் என்று ஒரு மாதிரி சத்தம் போட்டது. கூடவே அந்த வாடை வந்தது. முடி பொசுங்குகிற, தோல் கருகுகிற வாடை. அவளுடைய தோல்.

உடம்பு கீழே மரத்திருந்தாலும் மேலே தூக்கிப்போட்டது. "இன்னா பண்றீங்க? சுடறீங்களா?" என்றாள்.

சிம்ரன் துணிக்கு மேலே தலையை நீட்டினாள். "ஆமாங்க. ரத்தம் கசியற எடத்தை மட்டும் சுட்டு அடைக்கிறோம். ஊசி முனை அளவுதான். வலிக்குதா?"

"இல்ல."

"சொல்லிட்டு ஆரம்பிச்சிருக்கணும். உங்களுக்கு ஏற்கெனவே நடந்தது தெரிஞ்சும் மறந்துட்டேன். மன்னிச்சுக்குங்க. நிறுத்தட்டுமா கொஞ்ச நேரம்?"

"வேணாம். சுடுங்க."

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் "இப்ப சுடறோம்" என்று சிம்ரன் சொன்னாள். பொன்னி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அரிவாளை வைத்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. ஊசி முனை அளவு சுடுவதற்கு, வலியில்லாமல் சுடுவதற்கு, படித்த பெண் ஒருத்தி அனுமதி கேட்கிறாள். வீட்டில் ஒருத்தர் சப்பாத்தி திருப்புகிற மாதிரி அரிவாளைத் திருப்பி வைத்துவிட்டு இத்தனை நாளில் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவரை பழனி மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. அந்த மேஜையில் படுத்திருந்தபோது கோபம் போய்விட்டது. கோபப்படும் அளவுக்கு அந்த ஆளிடம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

வீடு திரும்பியபோது பழனி வைத்தியராகியிருந்தார். கொல்லனிடம் சொல்லி மரக் கைப்பிடி போட்ட இரும்புக் கம்பி ஒன்று செய்து, அதைப் பூஜை அறையில் மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார். தேள் கடிக்கு வந்தார்கள், மஞ்சள் காமாலைக்கு வந்தார்கள், திருமுக்கூடலிலிருந்து ஒருவர் தோள்பட்டை வலிக்கு வந்தார். பழனி எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் செய்தார். சூடு வாங்கியவர்கள் முனகிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பொன்னி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்தவர் மேல் இருந்த இளக்காரம், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் மேலும் கொஞ்சம் வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை. ஒருசிலரிடம் தன் காலைக் காட்டியும் சொல்லிப் பார்த்தாள். "உயிரோட இருக்கே இல்லம்மா, அது யாரால?" என்று ஒரு பெரியம்மா அவளுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

ஒட்டிய தோலுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு காலை, நர்ஸ் மரியம்மாள் கட்டு மாற்றி முடித்து, "மெதுவா காலை ஊணிப் பழகுங்க" என்று அனுப்பினாள். வெளியே வரும் வழியில் நாய்க்கடி ஊசி போடுகிற அறை. வாசலில் ஒரு நல்ல கூட்டம். அதில் கொரோனா சமயத்து மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கட்டி, தொப்பியும் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் தலைவர் படம். முகத்தை மறைத்தவர் பாக்கெட்டை மறைக்க மறந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் அனு, கல்லூரிப் பையோடு, கெண்டைக்கால் தெரிய பேண்ட்டைச் சுருட்டிவிட்டு நின்றிருந்தாள்.

பொன்னி தூண் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே அன்றைக்கும் சிம்ரன்தான். அனுவின் காலைக் கழுவச் சொல்லிவிட்டுக் கேட்டாள். "வீட்ல ஏதாவது வச்சீங்களா? மஞ்சள், சுண்ணாம்பு, சூடு மாதிரி?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் பண்ணல மேடம்," என்றார் பழனி மாஸ்க்குக்குள்ளிருந்து. "நாங்க படிச்ச குடும்பம். கடிச்ச ஒடனே சோப்பு போட்டுக் கழுவி நேரா இங்கதான் அழைச்சினு வரேன். காயத்தைச் சுத்தி ஒரு ஊசி போடுவாங்களாமே, அதையும் போட்டுடுங்க மேடம். பொண்ணு பாருங்க."

மேடம் என்றதைப் பொன்னி கவனித்தாள்.

சிம்ரன் அவரை அடையாளம் கண்டுகொண்டாளா என்று தெரியவில்லை. "போடறோம்" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்ததும் பழனி பொன்னியைப் பார்த்துவிட்டார். மாஸ்க்கைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"கட்டு மாத்த வந்தியாம்மா?"

"ஆமா மாமா. அனுவுக்கு இன்னா?"

"நாய். ரேஷன் கடைகிட்ட அந்தச் செவலை நாய். சும்மா பல்லு பட்டுச்சி." கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெருவுல யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத. பொண்ணு விஷயம்."

"கம்பியைக் காய்ச்சி வக்கலியா மாமா?"

அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று அவள் ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. அவருக்கு எரிச்சல்தான் வந்தது. "அது வேற, இது வேறம்மா. நாய்க்கடி இன்னா சாதாரண விஷயமா? செத்துடுவாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அனு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, வேலிக் கம்பி கீறிச்சின்னு சொல்லச் சொல்றாரு," என்றாள் மெதுவாக. பழனி அவள் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பொன்னி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்சா உட்கார்ந்திருந்தாள். பின் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். முன்கையில் சேலைத் துணி சுற்றி, அதில் ரத்தம் ஊறியிருந்தது.

"செவலை நாய் கடிச்சிட்டுதுக்கா," என்றாள். "தலைவர் வரட்டும்னு உக்காந்திருக்கேன்."

பழனி வீட்டுச் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ரேணுகாம்பாள் கம்பியைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். பெற்ற மகளைக் கடித்த அதே நாய் என்று தெரிந்தேதான் காயவைத்தாள். பொன்னி காலை இழுத்து இழுத்து உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். யாராவது வந்து அணைத்தால் தேவலை என்று அதுவரை காத்திருந்த மாதிரிதான் ரேணுகாம்பாள் முகம் இருந்தது.

அப்போதுதான் பழனியின் வண்டி உள்ளே வந்தது. வழியில் அவர் அனுவுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்திருந்தார், அதனால் தாமதம்.

பொன்னி முற்றத்துக்கு வந்தாள். அம்சாவைப் பார்த்துக் காம்பவுண்டுக்கு வெளியே கூடியிருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள், ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அம்சா, அனுவையும் அதே நாய்தான் கடிச்சிது. மாமா அவளை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிம் போய் ஊசி போட்டுக்கினு வராரு. நானே பாத்தேன். அவளுக்குச் சூடு போடல. உனக்கும் அந்த ஊசிதான் வேணும். அனு, காலைக் காட்டு."

அனு அப்பாவைப் பார்த்தாள். பிறகு பேண்ட்டைத் தூக்கிக் காட்டினாள். சுற்றிலும் மருந்து தடவிய, சுடாத கால்.

அம்சா நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் ஏதாவது கேட்பாள், வெளியே நிற்கிறவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்று பொன்னி நினைத்தாள்.

பழனி வண்டியைத் திருப்பினார். "நானே அம்சாவை அழைச்சிம் போகத்தான் வேகமா வந்தேன்," என்றார். "நாய்க்கடின்னா ஒரு நிமிஷம் லேட் பண்ணக்கூடாதும்மா. ஏறு. டேய் யுவன், நீயும் வா."

யுவன் போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

அம்சாவுக்கு ஊசி போட்டாயிற்று. அது ஒன்றுதான் நடந்ததில் நல்லது. அடுத்த மாதம் பஸ் நிறுத்தத்தில் பழைய ஃபிளெக்ஸ் இறங்கி, 'நாய்க்கடி விழிப்புணர்வு முகாம், தலைமை: பழனி' என்று புதியது ஏறியது. மகளுக்கே முதலில் ஊசி போட்டு மக்களுக்கு வழிகாட்டிய தகப்பன் என்று அதில் எழுதியிருந்தது. அனுவின் கால் போட்டோ பெரிதாக இருந்தது. தோள்பட்டையில் சூடு வாங்கிய திருமுக்கூடல் ஆள் அதே முகாமுக்கு வாழைத்தார் கொடுத்தார். கமிட்டி ஆட்கள் மறுபடியும் சால்வை வாங்கப் போனார்கள். குரு முகாமுக்கு நாற்காலி ஏற்றிவர வேனை இலவசமாகக் கொடுத்தான். அதைப் பொன்னியிடம் சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

பொன்னி அதற்குள் கடைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். கணுக்கால் முழுசாக மடங்கவில்லை. மெத்தையில் உட்கார முடியாது என்பதால் முதலாளி அவளை மேல்மாடியில் நின்று விற்கிற செக்ஷனில் போட்டிருந்தார். சாயங்காலமானால் கால் வீங்கியது.

முகாமுக்கு முந்தின நாள் பழனி அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் வந்து நின்றதும் "வாங்க மாமா" என்று சொல்லவேண்டிய இடத்தில் பொன்னி ஒன்றும் சொல்லவில்லை. நிலையில் சாய்ந்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றாள்.

"நாளைக்கு நீ மேடையில வந்து ரெண்டு வார்த்தை பேசணும்மா," என்றார். "பாதிக்கப்பட்டவங்க பேசினா ஜனத்துக்கு மனசுல பதியும்."

"இன்னா பேசணும்?"

"சூடு போடறது தப்பு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லு. உன் காலையும் காட்டலாம். நல்லா எடுபடும்."

"யாரு போட்டாங்கன்னு கேட்டா?"

பழனி உண்மையாகவே யோசித்தார். கேள்வியில் வேறு ஏதாவது இருக்கிறது என்று அவருக்குப் படவே இல்லை. அதை அவர் முகத்தில் நன்றாகப் பார்க்க முடிந்தது.

"அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். "பொதுவா சொல்லு."

பொன்னிக்குச் சிரிப்பு வந்தது. கால் வெந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். பழனியும் எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். அவள் நிறுத்துவாள் என்று காத்திருந்தார். அவள் நிறுத்தவில்லை என்றதும் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "யோசிச்சு சொல்லு" என்று அடுத்த வீட்டுக்குக் கூப்பிடப் போனார்.

பொன்னி கதவைச் சாத்திவிட்டு, காலுக்கு எண்ணெய் தடவ உட்கார்ந்தாள்.